அக்ளிமடைசேஷன்: சூழலிசைவு

ஓசூர்ப் பக்கம் புது வீட்டுக்கு மரத்தரை போடுகிறவர்கள் வாயில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் 'அக்ளிமடைசேஷன்'. பலகையை அது இருக்கப்போகும் அறையிலேயே சில நாள் கிடத்திவைத்து, பிறகு பொருத்துவதற்கு இந்தப் பெயர்.

வேர் கிரேக்கம். 'கிளிமா' என்றால் சாய்வு. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிப் பூமி சாய்வதை வைத்து நிலப்பகுதிகளைப் பிரித்ததால், அச்சொல் நிலப்பகுதியையும், பிறகு அதன் தட்பவெப்பத்தையும் குறித்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

பலரும் இதைப் 'பதப்படுத்தல்' என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. வெட்டிய மரத்தின் பச்சை ஈரத்தைக் காற்றிலோ சூளையிலோ போக்குவதுதான் பதப்படுத்தல். இது அதற்கு அடுத்த வேலை. காய்ந்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும்வரை ஓயாது. தர்மபுரியில் சித்திரை வெயிலில் காய்ந்த பலகையைச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூருக்கு ஐப்பசி மழையில் ஏற்றிப்போனால் உப்பத்தான் செய்யும். நீளவாக்கில் ஒன்றும் தெரியாது. அகலத்தில்தான் எல்லா வம்பும். அதிகம் ஆடாத மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, வளையங்களின் போக்கில் அறுத்த ஓரடி அகலப் பலகை, மரத்தின் ஈரப்பதம் 4 விழுக்காடு கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரியும். பத்துப் பலகை அகலமுள்ள அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறுக்கிப் போட்ட தரை நடுவில் எழும்பி நிற்பது இதனால்தான்.

கிடத்துவது என்றால் சுவரோரம் சாத்திவிடுவதல்ல. உறையைப் பிரித்து, கீழே ரீப்பர் கொடுத்து, அடுக்குக்கு அடுக்கு மெல்லிய சட்டம் செருகிக் காற்றோட அடுக்க வேண்டும். பூச்சு காயாத வீட்டில் செய்தால் வீண். சிமெண்ட் ஈரத்தையும் மரம் சேர்த்துக் குடிக்கும். எத்தனை நாள் என்பதைவிட, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியின் எண் மாறாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. (கடைக்காரர் சொல்லும் '48 மணி நேரம்' எல்லா மரத்துக்கும் போதாது.)

தமிழில் 'தட்பவெப்ப இணக்கம்' என்பது செடிக்கும் விலங்குக்கும் பொருந்தும். பலகைக்கு ஊரின் தட்பவெப்பத்தைவிட அறையின் காற்றே பெரிது. ஆகவே 'சூழலிசைவு' என்பேன். வினையாக 'இசையவிடுதல்'. பட்டறைப் பேச்சுக்கு அதுவும் கனமாகப்பட்டால் 'பழகவிடுதல்' இருக்கவே இருக்கிறது: "பலகை ஒரு வாரம் அறையில் பழகட்டும், பிறகு தரை போடலாம்."