ஐநா கோர்ட்டுக்கு போலாமா சார்?

வீட்டுல ஒருத்தர போலீஸ் கூட்டிட்டுப் போய் அடிச்சிட்டாங்கன்னு வர்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. கேக்குறதுல தப்பில்ல, நெதர்லாந்துல இருக்குற ஹேக் நகரத்து கோர்ட்ட பத்தி டிவில தினமும் சொல்றாங்க. ஆனா அங்க இருக்குற சர்வதேச நீதிமன்றத்துல நாடு மேல நாடுதான் கேஸ் போட முடியும். பாகிஸ்தான்ல மரண தண்டனை விதிச்ச இந்தியர் குல்பூஷன் ஜாதவ் கேஸ்ல 2019ல தீர்ப்பு வாங்குனது கூட இந்திய அரசுதான், அவரோட குடும்பம் இல்ல. அதே ஊர்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்னு இன்னொண்ணு இருக்கு, இனப்படுகொலை, போர்க்குற்றம் மாதிரி விஷயத்துக்கு, அதுல இந்தியாவும் சேரல, இலங்கையும் சேரல. ஐரோப்பாக்காரங்களுக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் இருக்கு, தனி ஆளாவே போகலாம். ஆசியாவுல நமக்கு அப்படி எதுவும் கிடையாது.

ஐநா மனித உரிமைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, தனிநபர் புகார எடுப்பாங்க, ஆனா அப்படி புகார் கொடுக்க வழி விடுற தனி உடன்படிக்கையில (விருப்ப நெறிமுறைன்னு பேரு) இந்தியா சேரல. இலங்கை 1997ல சேந்துச்சு, அப்புறம் என்னாச்சுன்னு சிங்கராசாங்குற இலங்கைத் தமிழரோட வழக்க பாருங்க. பயங்கரவாத தடைச் சட்டத்துல கைது, அவருக்கு படிக்கத் தெரியாத சிங்களத்துல எழுதுன வாக்குமூலம், அதுல கைரேகை, அத வச்சே 50 வருஷம் தண்டனை, அப்பீல்ல 35 ஆச்சு. 2004ல ஐநா குழு இது நியாயமான விசாரணையே இல்லன்னு சொல்லிடுச்சு. அத கைல வச்சுகிட்டு கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கு போனா, அந்த உடன்படிக்கையில நாடு சேந்ததே அரசியலமைப்புக்கு விரோதம்னு 2006ல தள்ளிட்டாங்க. ஜெயிச்சும் உள்ளேயேதான் இருந்தாரு.

அதுக்காக சர்வதேச சட்டம் வேஸ்ட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், அது நம்ம கோர்ட் வழியா உள்ள வரும்போது வேலை செய்யுது. ஒடிசாவுல நீலாவதி பெஹெராங்குற அம்மாவோட 22 வயசு மகன 1987 டிசம்பர்ல போலீஸ் கூட்டிட்டு போனாங்க, மறுநாள் ரயில் தண்டவாளத்துல பிணமா கெடந்தான். தப்பிச்சு ஓடி ரயில்ல அடிபட்டான்னு போலீஸ் சொன்னாங்க. அந்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதுனாங்க, அதையே மனுவா எடுத்து விசாரிச்சு, காயமெல்லாம் லத்தி அடின்னு முடிவு பண்ணி 1993ல ஒன்றரை லட்சம் கொடுக்க சொன்னாங்க. சட்டவிரோதமா கைதானவங்களுக்கு நஷ்டஈடு உண்டுங்குற, குடிமை அரசியல் உரிமைகள் பத்தின ஐநாவோட மூல உடன்படிக்கை பிரிவ அந்த தீர்ப்புல மேற்கோள் காட்டுனாங்க. இதுல வேடிக்கை என்னன்னா 1979ல அதுல சேரும்போது இந்த பிரிவு எங்களுக்கு வேணாம்னு இந்தியா ஒதுக்கி வச்சிருந்துச்சு, 1996ல டி.கே. பாசு தீர்ப்புல அந்த ஒதுக்கலுக்கு இனிமே அர்த்தம் இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. கைது மெமோ, குடும்பத்துக்கு தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருதடவ மெடிக்கல் செக்கப், எல்லாம் அந்த தீர்ப்புல வந்ததுதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியதுக்கு வரேன். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்"னு கூட்டிட்டு போனா நேரத்த குறிச்சு வைங்க, ஏன்னா பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும், ஸ்டேஷன்ல கைது நேரத்த தள்ளி எழுதுறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முன்னாடி நாங்க மொதல்ல தந்தி அடிப்போம், தந்தில நேரம் இருக்கும், ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆள கோர்ட்ல கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி கேக்குற ஆட்கொணர்வு மனு, போடும்போது அதுதான் சாட்சி. 2013ல தந்திய நிறுத்திட்டாங்க, இப்ப எஸ்பிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரே ஈமெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட், ரசீத தொலைச்சிடாதீங்க. ஆள் எங்கன்னே சொல்லலன்னா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், வக்கீல் வைக்க வசதி இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ரிமாண்டுக்கு கொண்டு போகும்போது மாஜிஸ்ட்ரேட் "போலீஸ் அடிச்சாங்களா"ன்னு கேப்பாங்க. பக்கத்துலயே போலீஸ் நிக்குறதால பாதி பேர் இல்லன்னு தலையாட்டிடுறாங்க, அப்புறம் கையில மாவுக்கட்டு, கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு பதில். அந்த நேரத்துல சட்டைய தூக்கி காயத்த காட்டி, எழுதிக்கோங்க ஐயான்னு சொல்லணும், டாக்டர்கிட்டயும் அதையே சொல்லணும். மனித உரிமை ஆணையத்துக்கு போறதா இருந்தா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல ஆச்சுன்னா எடுக்க மாட்டாங்க.