தரைக்கும் முதுகுக்கும் நடுவுல: ஸ்லீப்பிங் மேட் எப்படி குளிரைத் தடுக்குது

இமயமலைப் பக்கம் முதல் தடவை விண்டர் ட்ரெக் போறவங்க எல்லாரும் ஸ்லீப்பிங் பேக் பத்தித்தான் விழுந்து விழுந்து கேக்குறாங்க, மைனஸ் பத்து தாங்குமா, டவுன் (பறவை இறகு) வாங்கவா சிந்தெடிக் (செயற்கைப் பஞ்சு) வாங்கவான்னு. கீழ விரிக்கிற மேட்டைப் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்ல, முதுகு வலிக்காம இருக்க போடுற ஏதோ ஒரு மெத்தைன்னு நினைச்சுக்கிறாங்க. ஆனா உத்தராகண்ட்ல கேதார்கந்தா ட்ரெக்ல, டிசம்பர் கடைசில, பனி மேல டென்ட் அடிச்சுப் படுத்தீங்கன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுறது பெரும்பாலும் அந்த மேட்தான்.

காரணம் ரொம்ப நேரடியானது. ஸ்லீப்பிங் பேக் சூடா வச்சிருக்குறது அதுக்குள்ள இருக்குற இறகோ பஞ்சோ இல்ல, அதுங்க உப்பி நின்னு நடுவுல புடிச்சு வச்சிருக்குற காத்து. நீங்க மேல படுத்தவுடனே முதுகுக்குக் கீழ இருக்குற அந்த பாகம் மொத்தமா நசுங்கிப் போகுது, காத்து வெளிய போயிடுது, மிஞ்சுறது ரெண்டு துணியும் நசுங்கின இறகும்தான். ஆயிரக்கணக்குல காசு போட்டு வாங்கின பேக்ல கீழ்ப்பாதி வேலையே செய்யுறதில்ல, அந்த வேலை முழுக்க மேட் தலைல விழுது.

எவ்வளவு வேலைன்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். தூங்கும்போது ஒரு ஆளோட உடம்பு சுமார் 75 வாட் சூடு உண்டாக்குது. முதுகு, இடுப்பு, கால் எல்லாம் சேத்து அரை சதுர மீட்டர் தரையோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம், தோல் 33 டிகிரி, பனி 0 டிகிரி. மேட்டோட தடுப்பு சக்திய ஆர் வேல்யூன்னு சொல்றாங்க. ஆர் 1 மேட்ல படுத்தா கீழ்ப்பக்கமா மட்டும் 94 வாட் போகும், அதாவது உடம்பு உண்டாக்குறதை விட ஜாஸ்தி, நடுங்காம இருக்கவே முடியாது. ஆர் 2ன்னா 47, ஆர் 4ன்னா 23, ஆர் 6ன்னா 16, ஆர் 8ன்னா 12 வாட். போட்டிருக்குற துணி, நசுங்கின பேக் எல்லாம் கொஞ்சம் உதவும், அதுனால நிஜத்துல இதை விட கொஞ்சம் கம்மியாத்தான் போகும், ஆனா அந்த எண்ணுங்க எப்படி இறங்குதுன்னு பாருங்க. 1ல இருந்து 2க்குப் போனா 47 வாட் மிச்சம். 6ல இருந்து 8க்குப் போனா வெறும் 4 வாட். மேட் வாங்குறதுல நான் முக்கியமா நினைக்கிறது இதுதான், மோசமான மேட்ல இருந்து நடுத்தர மேட்டுக்கு மாறுறதுக்குக் குடுக்குற ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு கிராமும் உருப்படியா வேலை செய்யும், நல்லதுல இருந்து ரொம்ப நல்லதுக்குப் போக குடுக்குறது அந்த அளவுக்குச் செய்யாது.

சரி, இப்போ ஒரு விசித்திரம். உள்ள ஒண்ணுமே இல்லாத, 7.5 சென்டிமீட்டர் தடிமன்ல வெறும் காத்து ஊதுற மேட் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. அசையாத காத்து வெப்பத்தைக் கடத்துறதுல ரொம்ப மட்டம், அந்தக் கணக்குப்படி 7.5 சென்டிமீட்டருக்கு ஆர் 17 வரணும். நிஜத்துல அந்த மாதிரி மேட் ஆர் 1 பக்கத்துல வந்து நின்னுடும். ஆனா வெறும் 1 சென்டிமீட்டர் தடிமன் இருக்குற ஃபோம் ஷீட் ஆர் 1.5 வரை குடுக்குது. ஏழு மடங்கு தடியான காத்து ஏன் தோக்குது?

நிறைய பேரு இதுக்கு காத்து உள்ள சுத்துறதுதான் காரணம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது பாதிதான் சரி. சூடான காத்து மேல ஏறும், குளிர்ந்தது கீழ இறங்கும், இங்க சூடு பண்ற ஆள் மேலதான் படுத்திருக்காரு, அப்போ சூடான காத்து ஏற்கனவே மேலதான் இருக்கு, அது சுத்த வேண்டிய அவசியமே இல்ல. காத்து அசையுறது ஓரங்கள்லதான், மேட்ல உடம்பு படாத பக்கவாட்டுக் காத்துக் குழாய்ல காத்து ஜில்லுன்னு இருக்கும், நீங்க ஒவ்வொரு தடவை புரண்டு படுக்கும்போதும் அந்தக் காத்து முதுகுக்குக் கீழ தள்ளப்படுது.

பெரிய திருடன் வேற, கதிர்வீச்சு. மேட்டோட மேல்துணி உங்க உடம்பால சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரா அந்தச் சூட்டைக் கீழ்துணிக்கு வீசிக்கிட்டே இருக்கும். நடுவுல இருக்குற காத்து அதைத் தடுக்காது, 1 சென்டிமீட்டர் இருந்தாலும் 7 இருந்தாலும் கதிருக்கு ஒண்ணுதான். இந்த ஒரு வழியா போற சூடே மேட்டை ஆர் 1க்குக் கொஞ்சம் மேலயே கட்டிப் போட்டுடும், எவ்வளவு தடிமனா ஊதினாலும் சரி. ஃபோம்ல ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி அறைங்க இருக்கு, கதிர் ஒவ்வொரு சுவத்துலயும் மோதி மோதித்தான் போகணும், காத்தும் அசைய இடமில்ல, அதுனாலதான் மெலிசா இருந்தும் ஜெயிக்குது.

இதைப் புரிஞ்சுக்கிட்டா கடைல இருக்குற ஒவ்வொரு மேட்டும் ஏன் அப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும். 1970கள் தொடக்கத்துல அமெரிக்காவுல சியாட்டில்ல போயிங் கம்பெனி ஆளுங்களைக் குறைச்ச சமயத்துல, வேலை போன இஞ்சினியருங்க ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் ரெண்டு பேரும் சேந்து காத்து புகாத உறைக்குள்ள ஸ்பாஞ்ச் மாதிரி திறந்த அறை ஃபோமை ஒட்டி ஒரு வால்வு வச்சாங்க, வால்வைத் திறந்தா ஃபோம் விரிஞ்சு தானா காத்தை இழுத்துக்கும். தெர்ம்-அ-ரெஸ்ட் மேட் அப்படித்தான் பொறந்துச்சு. நல்ல சூடு, ஆனா கனம். அதே கம்பெனி 2009ல நியோஏர்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு, இது கதிரை நேரா குறி வச்ச மேட். ஃபோமே கிடையாது, உள்ள முக்கோண முக்கோணமா அறைங்க, அதுல அலுமினியம் பூசின மெல்லிய ஃபிலிம். பளபளப்பான அலுமினியம் கதிரை வாங்கவும் செய்யாது வீசவும் செய்யாது, ஒரு இடைவெளில ஒரு பக்கம் இது இருந்தாலே அந்த வழியா போற கதிர் பத்துல ஒரு பங்கா குறையும். அதோட அறைங்க சின்னதா இருக்குறதால காத்தும் அடங்கிடுது. இப்போ வர்ற நியோஏர் மாடலுங்கள்ல எக்ஸ்லைட் என்எக்ஸ்டி 370 கிராம்ல ஆர் 4.5, எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி சுமார் 440 கிராம்ல ஆர் 7.3. மடிக்கிற ஃபோமான இசட் லைட் சோல் 410 கிராம், ஆர் 2தான். புரண்டு படுத்தா சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குற மாதிரி சத்தம் வரும்னு இந்த ஃபிலிம் மேட்டுங்க மேல புகார் உண்டு, புது மாடல்ல நல்லாவே குறைச்சுட்டாங்க, ஆனா கூடவே டென்ட்ல படுக்குறவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். நம்ம ஊர் கடைங்கள்ல ஒரு பக்கம் வெள்ளி ஒட்டின ஃபோம் ஷீட் விக்கிறாங்க, வெள்ளி மேல வரணுமா கீழ வரணுமான்னு சண்டையே நடக்கும். கதிரைத் திருப்பி அனுப்ப அந்த வெள்ளிக்கு முன்னாடி காத்து இடைவெளி வேணும். முதுகோட ஒட்டிப் படுத்தாலும் தரையோட ஒட்டிப் போட்டாலும் இடைவெளி கிடையாது, சூடு நேரா தொட்டே போயிடும். அங்க வேலை செய்யுறது ஃபோம் மட்டும்தான், எப்படி வேணா போடுங்க.

ஆர் வேல்யூ எண்ணை நம்பலாமான்னு கேட்டா, இப்போ நம்பலாம். முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா அளந்து தனக்குப் பிடிச்ச எண்ணை எழுதிக்கிட்டு இருந்துச்சு, 2018ல ஏ.எஸ்.டி.எம்.ங்கிற தர நிர்ணய அமைப்போட எஃப்3340னு பொது அளவீடு வந்துச்சு, 2020ல இருந்து பெரிய கம்பெனிங்க அதைத்தான் போடுறாங்க. மேட்டை ஊதி, மேல உடம்பு சூட்டுல ஒரு தட்டு, கீழ குளிர்ந்த ஒரு தட்டு வச்சு அழுத்தி, மேல்தட்டு சூடு இறங்காம இருக்க எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு அளக்குறாங்க. பழைய ஸ்டாக் மேட்டு எண்ணையும் புது எண்ணையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. ஆர் வேல்யூவே போடாம "மைனஸ் 10 வரை"ன்னு மட்டும் எழுதியிருந்தா நான் அதை வாங்க மாட்டேன்.

ஸ்லீப்பிங் பேக் மேல போட்டிருக்குற டிகிரி எண்ணும் ஒரு நல்ல மேட்டை நம்பித்தான் இருக்கு. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்ல ஆளுக்குப் பதிலா சூடாக்கின பொம்மையைப் படுக்க வைக்கிற மேட் ஆர் 5ஐ ஒட்டினது. மைனஸ் பத்து பேக்கை வாங்கிட்டு ஆர் 1.5 ஃபோம்ல படுத்துட்டு பேக் ஏமாத்திடுச்சுன்னு திட்டுறது நியாயமே இல்ல.

எதை வாங்குறது? கொடைக்கானல், மூணாறு பக்கம் ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குற இடம்னா ஆர் 1.5ல இருந்து 2 இருக்குற ஃபோம் தாராளமா போதும், முள்ளு குத்தினாலும் ஒண்ணும் ஆகாது. யோகா மேட் எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க, 6 மில்லிமீட்டர் யோகா மேட் ஆர் 1ஐத் தொடாது. கோடை, இலையுதிர் கால இமயமலை ட்ரெக்குக்கு ஆர் 3லிருந்து 4.5. பனி மேல படுக்குறதுன்னா ஆர் 5க்குக் கீழ போகாதீங்க, லடாக்ல சன்ஸ்கார் பக்கம் உறைஞ்ச ஆத்து மேல நடக்குற சாதர் ட்ரெக் மாதிரி மைனஸ் இருபதுக்குப் போற இடம்னா 6க்கு மேல.

அதுக்கு ஒரே காஸ்ட்லி மேட்தான் வேணும்னு இல்ல, ஆர் வேல்யூ கூட்டிக்கலாம், ஆர் 4.5 மேட்டுக்குக் கீழ ஆர் 2 ஃபோம் போட்டா 6.5. எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு இதுதான். ஃபோம் கல்லு முள்ளுல இருந்து காத்து மேட்டைக் காப்பாத்தும், காத்து மேட் ஓட்டையானாலும் ராத்திரி உசுரு பொழைக்க ஒண்ணு மிச்சம் இருக்கும், பகல்ல பனில உக்காந்து சாப்பிடவும் ஆகும். சேத்து 800 கிராம் வரும்னு, கனத்தைக் குறைக்கிறதே குறியா இருக்குற அல்ட்ராலைட் ஆளுங்க முகம் சுளிப்பாங்க, பனில நான் அதைச் சுமப்பேன்.

காலைல டென்ட்டைக் கழட்டினதும் நீங்க படுத்த இடத்தை ஒரு தடவை கையால தடவிப் பாருங்க. இடுப்பும் தோளும் இருந்த இடத்துல பனி உருகி மறுபடி உறைஞ்சு வழவழன்னு ஐஸ் குழியா ஆகியிருந்தா, ராத்திரி முழுக்க உங்க சூடு அந்த வழியாத்தான் போயிருக்கு. சில சமயம் மேட் நல்லதா இருந்தும் காத்து கம்மியா இருந்து இடுப்பு தரையைத் தொட்டிருக்கும், அந்த இடத்துல ஆர் வேல்யூ கிட்டத்தட்ட பூஜ்யம். ஒருக்களிச்சுப் படுத்து, இடுப்புக்குக் கீழ மேட்டுக்கு அடியில கையை விட்டு எலும்பு தட்டுதான்னு பாத்துட்டுத் தூங்குங்க.

நடு ராத்திரி மேட் தொளதொளன்னு ஆனா உடனே ஓட்டைன்னு பயப்பட வேண்டாம். வாயால ஊதின காத்து 34 டிகிரில உள்ள போகுது, அது 5 டிகிரிக்கு ஆறினா கன அளவு பத்துல ஒரு பங்கு சுருங்கும். ஊதி அரை மணி நேரம் விட்டுட்டு, படுக்கப் போறப்போ நாலு ஊது ஊதினா சரியாயிடும். அப்பவும் காலைல தட்டையா கிடந்தா அது ஓட்டைதான், சோப்புத் தண்ணி தடவினா குமிழி காட்டிக் குடுக்கும்.

வாயால ஊதுறதுல இன்னொரு தொல்லை ஈரம். ஒரு மேட்டுக்கு ஐம்பது லிட்டருக்கு மேல காத்து வேணும், மூச்சுக்காத்துல வர்ற நீராவி அதுல 2 கிராம் வரை இருக்கும், துணி காத்து புகாததா இருக்குறதால அது வெளிய போக வழியே இல்ல, உள்ளயே தண்ணியா தங்கிடும். டவுன் நிரப்பின மேட்டுக்கு இது எமன், இறகு நனைஞ்சா உப்பாது, அதுக்கு வாயால ஊதவே கூடாது. மத்ததுக்கும் கூடவே வர்ற பம்ப் பையை யூஸ் பண்றதுதான் நல்லது, நாப்பது கிராம் ஐம்பது கிராம்தான், 3,000 மீட்டர் உயரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு ஊதுற வேலையும் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் சுருட்டிப் பைல திணிச்சு வைக்காதீங்க, வால்வைத் திறந்து விட்டு விரிச்ச வாக்குல கட்டிலுக்கு அடியில போட்டு வைங்க, மிச்சம் இருக்குற ஈரம் கொஞ்சம் கொஞ்சமா காஞ்சிடும்.