குவிஸ் என்றால் வினாடி வினாவா?

1902ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரு வண்ண அச்சகம். கோடைக் காற்றின் ஈரத்தால் தாள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால், ஒரு வண்ணத்தின் மேல் பொருந்தி விழவேண்டிய அடுத்த வண்ணம் விலகி விழுந்தது. ஈரத்தைக் கட்டுப்படுத்த 25 வயதுப் பொறியாளர் ஒருவர் ஓர் இயந்திர அமைப்பை உருவாக்கினார். ஆள்களைக் குளிர்விப்பது அவர் நோக்கமே இல்லை, தாளைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் வேலை. அதன் வாரிசு இன்று நம் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. எது?

ஏ.சி. அந்தப் பொறியாளர் வில்லிஸ் கேரியர்.

பிரிட்டனில் வாரநாள் மாலைகளில் இந்த மாதிரிக் கேள்விகளை வைத்துக்கொண்டு பப்களில் அணி அணியாக உட்கார்ந்து போட்டி போடுகிறார்கள். பப்பை மதுக்கூடம் என்று எழுதினால் பாதிப் பொருள்தான் வரும். 'பொது இல்லம்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. குடிப்பதற்கு மட்டுமல்ல, ஊர்க்கதை பேசவும் போகிற இடம். நம் டீக்கடை பெஞ்சுக்கு இருக்கும் பெருமை அதற்கும் உண்டு. கூட்டம் குறைவாக இருக்கும் நாள்களில் ஆள் சேர்க்க, 1976இல் ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் கேள்விகளைத் தயாரித்து பப்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தெற்கு இங்கிலாந்தில் அவர்கள் கட்டிய லீக்குகள் வழியாக ஆட்டம் நாடெங்கும் பிடித்துக்கொண்டது. கால்பந்து லீக் மாதிரியே சொந்த இடத்தில் ஒரு ஆட்டம், எதிரணி இடத்தில் ஒரு ஆட்டம், பருவம் முடியும்போது புள்ளிப் பட்டியல். பல லீக்குகளில் அணிக்கு நான்கு பேர். தன் கேள்விக்குத் தானே விடை சொன்னால் 2 புள்ளி. தவறவிட்ட கேள்வியை எதிரணி பிடித்துக்கொண்டால் அவர்களுக்கு 1 புள்ளி.

இந்த ஆட்டத்துக்குப் பெயர் குவிஸ். அதில் கேட்கப்படும் செய்திகளுக்குப் பெயர் ட்ரிவியா. தமிழில் முதலாவதை வினாடி வினா என்கிறோம், இரண்டாவதைப் பொது அறிவு என்கிறோம். முதல் பெயர் அருமையானது. இரண்டாவது பொருந்தாது என்பது என் எண்ணம்.

குவிஸ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே தாய் தகப்பன் தெரியாது. அதன் பிறப்பைப் பற்றிப் பெரிதும் சொல்லப்படும் கதை டப்ளின் நகரத்துக் கதை. ரிச்சர்ட் டேலி என்ற நாடக அரங்க முதலாளி, பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊரார் வாயில் புழங்கவைக்கிறேன் என்று 1791 வாக்கில் பந்தயம் கட்டினாராம். இரவோடு இரவாக ஆள்களை அனுப்பி நகரத்துச் சுவர்களில் எல்லாம் அந்தச் சொல்லை எழுதவைத்தாராம். விடிந்ததும் ஊரே இதற்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்டு உதைக்கிறது. 1782லேயே ஆங்கில எழுத்தாளர் பேனி பர்னி தம் நாட்குறிப்பில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். அங்கே அதன் பொருள் கேள்வி அல்ல, விசித்திரமான ஆள். ஏறத்தாழ அதே காலத்தில் கயிற்றில் ஏறி இறங்கும் யோ-யோ பொம்மைக்கும் குவிஸ் என்ற பெயர் இருந்தது. பிறகு ஒருவரைக் கேலி செய்வது, உற்றுப் பார்ப்பது என்றெல்லாம் பொருள் நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மாணவர்களைக் கேள்வி கேட்டுச் சோதிப்பது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1936இல் அமெரிக்க வானொலியில் 'புரொபசர் குவிஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கேள்வி கேட்கும் பொழுதுபோக்கு என்ற இன்றைய பொருள் வீடுதோறும் போனது வானொலியின் உபயம். 'நீ யார்?' என்று கேட்கும் லத்தீன் தொடரான 'குயி எஸ்' என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்குச் சான்று கிடையாது.

இந்தியாவில் இந்த ஆட்டம் முறையாகத் தொடங்கியது கல்கத்தாவில். 1967இல் நீல் ஓ'பிரையன் அங்கே ஒரு தேவாலய அரங்கில் நடத்தியதையே முதல் குவிஸாகக் கொள்கிறார்கள். தமிழ்ப் பள்ளிகளின் மேடைக்கு அது வந்தபோது வினாடி வினா ஆகியிருந்தது.

அந்தப் பெயரை முதன்முதலில் நான் கூர்ந்து பார்த்தது எட்டாம் வகுப்பில். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் தமிழ் ஐயா கரும்பலகையில் 'விநாடி வினா' என்று எழுதினார். அந்தப் பக்கமாகப் போன கணக்கு சார் வாசலில் நின்று, "ஐயா, ரெண்டு சுழி 'ன' தானே வரணும்?" என்றார். "இல்லைங்க சார், நாடியிலிருந்து வந்தது. 'ந'தான் சரி" என்ற ஐயா, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு 'விநாடி'யில் இருந்த 'நா'வைப் பெருவிரலால் தேய்த்து அழித்துவிட்டு 'னா' போட்டார். "தனியா எழுதுனா 'விநாடி'. வினாவோட சேர்ந்து வந்தா இப்படியே இருக்கட்டும், கண்ணுக்கு அழகா இருக்கு" என்றார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. நாழிகைக்கு நாடி என்றும் பெயர். அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி. வடமொழி வழி வந்த சொல். நாழிகை 24 நிமிடம் என்பதால் பழைய விநாடி ஒன்று 24 நொடி நீளம். கடிகாரம் வந்த பிறகுதான் அது சுருங்கி இன்றைய ஒரு நொடி ஆனது. வினாவோ வினவு என்பதோடு பிறந்த தமிழ்ச் சொல். "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்", கேள்வியும் பதிலும் பிசகாமல் பார்த்துக்கொள் என்கிறது தொல்காப்பியம். ஒன்று காலத்தை அளக்கும் சொல், மற்றது கேள்வி. வேரில் உறவே இல்லாத இரண்டையும் ஓசை பிடித்து இழுத்து ஒரே தொடரில் உட்காரவைத்திருக்கிறது. சொல்லிப் பாருங்கள்: முதல் சொல்லிலிருந்து 'டி' உதிர்ந்தால் இரண்டாவது சொல். விரைந்து விடை சொல்லவேண்டும் என்ற ஆட்டத்தின் விதியும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவும் குவிஸ் என்ற ஒற்றை அசையில் இல்லை. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக அமைந்த இடங்களில் இதுவும் ஒன்று.

விநாடி வடசொல்லாயிற்றே, 'நொடி வினா' என்று மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றவேண்டாம் என்பேன், ஓசை போய்விடும். ஆனால் நொடி என்ற சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்வது பலருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் விடுகதைக்கும் நொடி என்றுதான் பெயர். காலத்துக்கும் கேள்விக்கும் ஒரே சொல்! வினாடி வினா இரண்டு சொல் சேர்த்துச் சொன்னதை நொடி தனியாகவே சொல்லிவிடுகிறது. மலேசியத் தமிழர்கள் புதிர்ப்போட்டி என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் புதிர் என்றால் விடை கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும், யோசித்தால் அவிழும். "மரகதப்புறா எந்த மாநிலத்தின் பறவை?" என்ற கேள்வியை எவ்வளவு யோசித்தாலும் அவிழ்க்க முடியாது. தமிழ்நாடு என்று தெரிந்திருக்கவேண்டும்.

போட்டிக்குப் பெயர் இருக்கட்டும், அதில் கேட்கும் கேள்விக்குப் பெயர்? அதுவும் நம்மிடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்கிறார்:

"அறிவுஅறி யாமை ஐயுறல் கொளல்கொடை
ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்"

வினா ஆறு வகை. வழி தெரியாமல் "பேருந்து நிலையம் எங்கே?" என்பது அறியாவினா. அந்தி நேரத்தில் "கிடப்பது பாம்பா, கயிறா?" என்பது ஐயவினா. கடைக்காரரிடம் "துவரம்பருப்பு இருக்கா?" என்றால் கொளல்வினா, வாங்குவதற்காகக் கேட்பது. கொடைவினா கொடுப்பதற்காக, ஏவல்வினா ஒரு வேலையில் ஏவுவதற்காக. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பவணந்தி வைத்தது அறிவினா. கேட்பவருக்கு விடை தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்கிறார். குவிஸ் மாஸ்டர் கையில் விடைத்தாளை வைத்துக்கொண்டு கேட்பது வேறென்ன? பள்ளி இலக்கண நூல்கள் ஆசிரியர் மாணவரைக் கேட்பதையே இதற்கு உதாரணம் காட்டுவதால், இது வகுப்பறையோடு நின்றுவிட்டது. பரிசு மேடைக்கும் அதே சொல் கச்சிதமாகப் பொருந்தும். பத்துக் கேள்வி கொண்ட ஒரு சுற்றைப் 'பத்து அறிவினா' என்று அறிவித்தால் இலக்கணமும் பிழைக்காது, கேட்பவருக்கும் புரியும்.

இனி ட்ரிவியா. லத்தீனில் 'ட்ரி' மூன்று, 'வியா' வழி. மூன்று வழி கூடுகிற இடம், அச்சு அசலாக நம் முச்சந்தி. ஐரோப்பிய இடைக்காலக் கல்வியில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி மூன்றையும் சேர்த்து ட்ரிவியம் என்றார்கள். அது ஒரு கிளை. இன்னொரு கிளையில் முச்சந்தியில் கிடைப்பது, தெருவில் எவரும் பேசுவது, ஆகவே அற்பமானது என்று பொருள் இறங்கியது. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவு விலைக்கு விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களை நாம் முச்சந்தி இலக்கியம் என்று சொல்லும்போது அதே நகர்வு தமிழிலும் நடந்திருக்கிறது. 1965இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் பழைய சினிமா, வானொலிச் சேதிகளை ஒருவரையொருவர் கேட்டு விளையாடியபோது, அந்த விளையாட்டுக்கு ட்ரிவியா என்று பெயர் வைத்தார்கள். ஆட்டப் பொருளில் சொல் நிலைத்தது அங்கிருந்துதான்.

இதைப் பொது அறிவு என்று சொல்வது ஏன் ஒட்டவில்லை? பொது அறிவு என்றதும் நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி நூல்தான் கண்முன் வருகிறது. குடிமகனுக்குத் தெரிந்திருக்கவேண்டியது பொது அறிவு. தெரியாவிட்டாலும் நட்டமில்லை, தெரிந்தால் மகிழ்ச்சி என்பது ட்ரிவியா. கேரியரின் அச்சகக் கதை அந்த வகை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் கேட்டமரான், செரூட், மல்லிகாட்டானி என்று உட்கார்ந்திருப்பதும் அந்த வகை. வார இதழ்களில் பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்ப வருமே, அதற்கு நாம் பல காலமாகத் துணுக்கு என்கிறோம். ட்ரிவியாவுக்கு நேர்ச்சொல் அதுதான். உடைந்த சிறு துண்டு என்ற பொருள், அற்பம் என்ற இளப்பம் அதில் இல்லை.

துணுக்குக்கு உரிமையாளர் உண்டா என்று நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. பிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் தம் துணுக்குத் தொகுப்பில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் 'பிலிப்' என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே நட்டுவைத்தார். யாராவது திருடினால் இதுவும் சேர்ந்து போகும் என்ற கணக்கு. கனடாவில் பிறந்த 'ட்ரிவியல் பர்சூட்' பலகை ஆட்டத்தில் அந்தப் பிலிப் விடையாக வந்து நின்றார். 1984இல் வொர்த் வழக்குப் போட்டு, தோற்றார். தகவல் எவருக்கும் தனிச்சொத்து இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். முச்சந்தியில் கிடப்பதை யாரும் எடுக்கலாம் என்று லத்தீன் சொல்லே முன்பு சொன்னதுதான்.

பஸ்ஸரைப் பஸ்ஸர் என்றே சொல்லலாம், உறுத்தவில்லை. ஓர் அணிக்கு விடை தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போவதைப் பாஸ், பவுன்ஸ் என்பார்கள். அவை இரண்டுக்கும் மட்டும் ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஓர் அணி விழித்தால் ஐயா ஒலிவாங்கியில் சொன்னது நினைவுக்கு வந்தது: "கேள்வி கைமாறுது."