குளிர்ந்த இன்சுலின் வேறு, உறைந்த இன்சுலின் வேறு

உறைந்து பழுதான இன்சுலினைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர்களில், இந்தக் குளிர்காலத்தில் இவர் மூன்றாவது ஆள். கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில், பஃபின் தீவின் வடக்கே உள்ள சிறிய ஊர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் நான் தாதியாகப் பணியாற்றுகிறேன். ஆறு வாரம் அங்கே, அடுத்த ஆறு வாரம் ரொறன்ரோவில் வீட்டில் என்று முறைவைத்துப் போய்வருவது என் வழக்கம். சென்ற மாதம் ஓர் இரவு இரண்டு மணிக்குக் கதவு மணி அடித்தது. ஐம்பதைக் கடந்த நம்மவர் ஒருவர், பாடசாலைக் கட்டடத்தின் வெப்பமூட்டும் கருவியைத் திருத்துவதற்கென நான்கு நாள் வேலைக்கு வந்தவர், வயிற்றைப் பிடித்தபடி நின்றார். மாலையிலிருந்து வாந்தி, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. குருதிச் சர்க்கரை 27 மில்லிமோல், அதாவது இந்தியக் கணக்கில் 486 மில்லிகிராம். ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். "நேரம் தவறாமல் போட்டனான் தங்கச்சி, ரெண்டு நாளாக் கூட்டியும் போட்டனான்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் போட்டுக்கொண்டது இன்சுலினாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்சுலின் நிரப்பிய பேனா வடிவ ஊசிகள், அந்தப் பேனாக்கள் அனைத்தையும் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே வைத்து விமானத்தில் ஏற்றியிருக்கிறார். எடை கூடிவிட்டதால் அந்தப் பெட்டி இடையில் இறக்கப்பட்டு, இரண்டு இரவு வெளியில் கிடந்து, பிறகுதான் ஊருக்கு வந்து சேர்ந்தது. வெளியே மைனஸ் 38 பாகை செல்சியஸ். பெட்டி வந்ததும் பேனாக்களை எடுத்துப் பார்த்தவர், "இன்சுலினைக் குளிரிலைதானே வைக்கவேணும், நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று நிம்மதியாகக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன். இதற்கு முன் வந்த ஆசிரியை ஒருவர், குளிர்சாதனப் பெட்டியில் இடம் போதாததால் தன்னுடைய இன்சுலினை வீட்டு முன்கூடத்தில், வீட்டுக்காரர் தொங்கவிட்டிருந்த கரிபு மான் தொடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த ஊர்களில் முன்கூடத்துக்குச் சூடேற்றுவது கிடையாது. அது இறைச்சியை உறைய வைப்பதற்கான இடம். இறைச்சிக்கு எது நல்லதோ அது மருந்துக்கும் நல்லது என்று எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே முடிவுசெய்துகொண்டார்.

ஆகவே ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு மேல்வரம்பு இருப்பதுபோலவே கீழ்வரம்பும் இருக்கிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்த நமக்கு மருந்தின் எதிரி வெயில் மட்டுமே என்று மனத்தில் பதிந்துவிட்டது; அம்மம்மாவின் இன்சுலின் குப்பியை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்த குடும்பங்கள் நம்முடையவை. அதனால் "குளிர்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று முடித்துவிடுகிறோம். இன்சுலின் ஒரு புரதம். அவித்த முட்டையை ஆறவைத்தால் அது பச்சை முட்டை ஆகாது என்பதைச் சமையலறையில் நிற்கும் எவரும் அறிவார். வெப்பம் செய்யும் அந்த வேலையை உறைபனியும் தன் வழியில் செய்கிறது. நம்பாவிட்டால் ஒரு கிண்ணம் தயிரை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து மறுநாள் இளக்கிப் பாருங்கள். தண்ணீர் தனியே, திப்பி தனியே நிற்கும். கலக்கிப் போடும் வெண்ணிற இன்சுலின் உறைந்தால் இதைப்போலத்தான் திரிந்து, குப்பியின் சுவரில் துகளாக ஒட்டும். அதையாவது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெளிவான இன்சுலினோ உறைந்து இளகிய பிறகும் தண்ணீர்போலப் பளிச்சென்று இருந்து நம்மை ஏமாற்றக்கூடும். பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்பது இங்கே செல்லாது. ஒருமுறை உறைந்தது, அல்லது உறைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது என்றால், அதன் இடம் ஊசிக்கழிவுப் பெட்டி. விலையைச் சொல்லி என்னோடு வாதாடவேண்டாம்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர், அந்தக் கூட்டிய அளவையே நல்ல இன்சுலினில் போட்டிருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி, தூக்கத்திலேயே நினைவிழந்திருப்பார். வழக்கமான அளவுக்குச் சர்க்கரை பணியவில்லையென்றால் முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள். நீரிழிவுக்காக வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசிக்கும், ஒவ்வாமைக்காகச் சிலர் வைத்திருக்கும் எபிநெஃப்ரின் ஊசிக்கும் உறையக்கூடாது என்ற அதே விதிதான்.

நுனாவுட்டின் 25 ஊர்களுக்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வீதி கிடையாது, தெற்கிலிருந்தும் கிடையாது. கோடையில் கடல் இளகியபின் சரக்குக் கப்பல் வரும். மற்றபடி எல்லாமே விமானம்தான். தலைநகரான இக்கலூயிட்டையும் ரேங்கின் இன்லெட் என்ற ஊரையும் தவிர ஏனைய ஓடுபாதைகள் சரளைக்கல். பல விமானங்களில் முன்பாதி சரக்கு, பின்பாதி பயணிகள். எடை மிஞ்சினால் இறங்குவது உங்கள் பெட்டி. இது அங்கே அன்றாட நடப்பு, இதற்கு எவர்மீதும் கோபித்துப் பயனில்லை. ஆகவே மருந்து என்று பெயருள்ள எதுவும் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது. கைப்பையில்கூட முழுவதையும் வைக்காதீர்கள். படிக்கட்டுக்குக் கீழே அதையும் வாங்கி வைத்துவிடுவார்கள். இன்சுலினை உள்சட்டைக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவிலுள்ள பையில், தோலோடு ஒட்டாமல் வையுங்கள். வெளிக்கோட்டின் பை போதாது. விமானத்திலிருந்து நிலையத்துக்கு நடந்து, அங்கே வண்டிக்குக் காத்து நிற்கும் நேரத்திலேயே அது குளிர்ந்துவிடும். சர்க்கரை பார்க்கும் கருவியும் அதே இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலான கருவிகள் 5 அல்லது 10 பாகைக்குக் கீழே இயங்க மறுக்கும். போட்டு முடித்த ஊசிமுனையைப் பேனாவிலேயே விட்டுவிடும் சோம்பல் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே அது ஆகாது. சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது பேனாவுக்குள் காற்று ஏறி, பாதி அளவு காற்றாகவே உள்ளே போகும். தங்கும் இடத்தில் சன்னல் விளிம்பிலும் வைக்காதீர்கள், சூடாக்கியின் மேலும் வைக்காதீர்கள். அங்குள்ள குளிர்சாதனப் பெட்டி பழையதாக இருந்தால் பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டுப் பெட்டியிலும் பின்சுவரில் பனி கட்டுவதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்?

எத்தனை நாளுக்கு மருந்து எடுப்பது என்று கேட்பவர்கள் பயணச்சீட்டிலுள்ள தேதியைப் பார்க்கிறார்கள். நான் நான்கு நாள் வேலைக்குப் பதினான்கு நாள் மருந்து எடுக்கச் சொல்வேன். பனிப்புயல் மூன்று நாள் நிற்கும். அது ஓய்ந்தபின் மூன்று நாள் தேங்கிய பயணிகள் எல்லோரும் ஒரே விமானத்துக்கு வரிசையில் நிற்பார்கள். விமானம் வருமா என்று ஊர்க்காரரிடம் கேட்டால் சில வேளை வாயால் பதில் வராது. அவர் புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. அது முழுமையான, மரியாதையான பதில். திரும்பத் திரும்பக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நம்முடைய தலையாட்டலைப் பார்த்து ஆமா இல்லையா என்று விழித்த வெள்ளைக்காரரை எண்ணிக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது அடுத்த நம்பிக்கை. சிறிய ஊர்களில் மருந்தகம் என்று தனியே ஒன்று கிடையாது. எங்கள் சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருப்பதுதான் மருந்து. உங்கள் வைத்தியர் தேர்ந்தெடுத்த அதே வகை அங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை; இருப்பதும் அந்த ஊர் நோயாளிகளின் கணக்குக்கு வரவழைத்தது. ஊரில் வைத்தியர் எப்போதும் இருப்பதில்லை, முறைவைத்து வந்து போவார். மற்ற நாள்களில் நாங்கள் சில தாதியர் தொலைபேசியில் இக்கலூயிட் வைத்தியரைக் கேட்டு நடத்துகிறோம். அந்தப் பிரதேசம் முழுவதற்கும் மருத்துவமனை ஒன்றே ஒன்று, அது இக்கலூயிட்டில் உள்ள கிக்கிக்தானி பொது மருத்துவமனை. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமானால் பஃபின் தீவிலிருந்து ஒட்டாவாவுக்குத்தான் பறக்கவேண்டும்.

அந்த இரவு நான் மருத்துவ விமானம் கேட்டேன். புயலில் அது இறங்க முடியவில்லை. 31 மணி நேரம் கழித்து வந்தது. அதுவரை ஒரு கையில் உப்புநீர், மறு கையில் மணிக்கொரு முறை விரல் குத்தல். அவருக்குப் போதுமான இன்சுலின் அன்று எங்களிடம் இருந்தது, அவருடைய நல்லகாலம். அதே 31 மணி நேரமும் அடுத்த அறையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். அங்குள்ள பெண்கள் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்னரே வீட்டை விட்டு, மூத்த பிள்ளைகளை விட்டு, இக்கலூயிட்டுக்கோ தெற்குக்கோ போய்க் காத்திருக்க வேண்டியவர்கள். விமானம் வந்தபோது முதல் இடம் நம்மவருக்குப் போனது. தவிர்த்திருக்கக்கூடிய ஒரு நோய்க்காக அந்த ஊர்க்காரரின் இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புறப்படுமுன் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பனிக்கரடியைப் பற்றியும் துருவ ஒளியைப் பற்றியும் கேட்கிறார்கள். கரடிக்கு ஒரே விடை: ஊருக்கு வெளியே தனியாக நடக்காதீர்கள். கட்டிப்போட்ட சறுக்குவண்டி நாயைத் தடவிப் படமெடுக்காதீர்கள். ஆர்க்டிக் நரிகளிடையே வெறிநோய் நிரந்தரமாக உண்டு, நாய்க்கடியின் பொருளை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. குளிருக்கு இரண்டு மிடறு என்று போத்தலைச் சுருட்டி வைக்காதீர்கள். சில ஊர்களில் மது முழுத் தடை, அதோடு அது தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து உடலின் உள்ளிருக்கும் சூட்டைத்தான் இழக்கச் செய்கிறது.

நீரிழிவு உள்ளவர்கள் கேட்கவேண்டியது கால்களைப் பற்றி. பல ஆண்டு சர்க்கரையால் பாதத்தின் உணர்வு மங்கியவருக்கு விரல் உறைவது தெரியாது; மற்றவரை எச்சரிக்கும் அந்தக் குத்தலும் வலியும் அவருக்கு வருவதில்லை. காற்றின் வீச்சையும் சேர்த்து உணரும் குளிரின் கணக்கு மைனஸ் 40-ஐத் தாண்டினால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையத் தொடங்கும். ரொறன்ரோவில் போட்ட அதே சப்பாத்துக்குள் மூன்று சோடிக் காலுறையைத் திணிப்பவர்கள் குருதி ஓட்டத்தை நெரித்துக் குளிரை வரவழைக்கிறார்கள். ஒரு சோடிக் கம்பளிக் காலுறை, விரல் அசைய இடமுள்ள பெரிய சப்பாத்து, அது போதும். வியர்த்த காலுறையை உடனே மாற்றுங்கள். மூக்குத்தியையும் தோட்டையும் விமானம் ஏறுமுன் கழற்றுங்கள். கடந்த ஆண்டு ஒரு தங்கையின் மூக்கில், அந்த ஒற்றைக் கல்லைச் சுற்றி மட்டும், பயறு அளவு வெள்ளையாக உறைந்திருந்ததைப் பார்த்தேன்.

ஒவ்வோர் இரவும் விளக்கைப் போட்டு, விரல் இடுக்குகளையும் குதிக்காலையும் கண்ணால் பாருங்கள். மெழுகுபோல வெளுத்து, தொட்டால் கட்டையாக இருந்தால் தேய்க்கவேண்டாம், பனியால் உரசவேண்டாம், சூடாக்கியின் அருகே நீட்டவேண்டாம். 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரே மருந்து; அந்தச் சூட்டை உங்கள் கால் சொல்லாது, வேறொருவரின் முழங்கை சொல்லட்டும். திரும்பவும் குளிரில் நடந்தாக வேண்டுமென்றால் இளக்காமலே எங்களிடம் வாருங்கள், ஏனென்றால் இளகியது மறுபடி உறைந்தால் விரலைக் காப்பாற்றுவது கடினம்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இக்லூலிக் போன்ற ஊர்களில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் எட்டிப்பார்க்கும். பகலும் இரவும் ஒன்றாகும்போது சாப்பாட்டு நேரம் குழம்பும், "படுக்கைக்கு முன்" போடவேண்டிய ஊசி மறக்கும். தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொலைபேசியும் குளிரில் அணைந்துபோகும், ஆகவே அதற்கும் உள்சட்டைப் பைதான்.

பெட்டி அடுக்கிக் கொடுக்கும் அக்காமாரிடமும் அண்ணிமாரிடமும் ஒரு வேண்டுகோள். மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பெரிய பெட்டிக்குள் போகட்டும், இரண்டு நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. மருந்தை மட்டும் அவர் கையில் கொடுத்து, அவர் அதை உள்பையில் வைப்பதைப் பார்த்தபிறகு கதவைச் சாத்துங்கள். போகிறவர்களுக்கு: விமானம் வராத முதல் நாளே, இருக்கும் மருந்தை எண்ணிக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வாருங்கள். பெட்டி பின்தங்கிவிட்டது என்றாலும் வாருங்கள். அது பகல் பத்து மணியாக இருந்தால் எனக்குத் தேநீர் போட்டுத்தரவும் நேரம் இருக்கும்.