கச்சான் காலத்தில் பாத்ரூம் ஏன் நாறுகிறது?

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்புப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு புலம்பல் கேட்கும். தேய்த்துக் கழுவியாச்சு, பினைல் ஊற்றியாச்சு, ஜன்னலையும் திறந்துவைத்தாச்சு, ஆனாலும் பாத்ரூமில் நாற்றம் போகவில்லை. கல்லடி என்றாலும் காத்தான்குடி என்றாலும் கல்முனை என்றாலும் உடனே வருகிற பதில், "குழி நிரம்பிட்டுது போல மனே, பவுசரைக் கூப்பிடு" என்பதுதான். மலசலகூடக் குழியை இறைக்கிற பவுசர் லொறி வரும், காசு போகும், கொஞ்ச நாளில் நாற்றமும் திரும்பி வரும். குழி காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் அதற்குள்ளும் பைப்புக்குள்ளும் இருக்கிற காற்று எப்போதும் நாறிக்கொண்டுதான் இருக்கும். அது வீட்டுக்குள் வருகிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழியைத் தேடிப் பிடிக்கும்வரை வாசனைத் திரவத்துக்குக் கொடுக்கிற காசெல்லாம் வீண்.

முதலில் பாத்ரூம் மூலையில் தண்ணீர் போகிற துவாரத்தின் சல்லடை மூடியைக் கிளப்பி டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும். கொமட்டுக்கு அடியிலும் பேசினுக்குக் கீழே வளைந்துபோகிற பைப்பிலும் நிற்பது இதே மாதிரித் தண்ணீர்தான். குழிப்பக்கத்துக் காற்று வீட்டுப்பக்கம் வராமல் தடுப்பது இது ஒன்றுதான், வேறு எந்த மூடியும் கதவும் அந்தப் பைப்பில் இல்லை. அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்துக் கடிகாரக்காரர் 1775இல் கழிப்பறைக்குக் காப்புரிமை எடுத்தபோது இந்த வளைவும் அதில் இருந்தது. இத்தனை காலம் கழித்தும் இதைவிட எளிதான தடுப்பை யாரும் பெரிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. வழக்கமாக அதன் ஆழம் 50 மில்லிமீற்றர் அளவு, மூன்று விரல் தண்ணீர்.

அந்த மூன்று விரல் தண்ணீரைத்தான் கச்சான் குடித்துவிடுகிறது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, ஈரமே இல்லாமல் நம்மிடம் வந்துசேர்கிறது. கொடியில் போட்ட சாரம் அரை மணியில் காய்கிறதே, அதே காற்று பாத்ரூம் துவாரத்துக்குள்ளும் வேலை செய்கிறது. தினமும் குளிக்கிற பாத்ரூம் என்றால் பிரச்சினை இல்லை, வளைவு நிரம்பிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தால் மட்டும் திறக்கிற மாடி அறை, யாரும் கை கழுவாத பேசின், வாஷிங் மெஷினுக்கென்று வைத்துப் பிறகு மறந்துபோன துவாரம், இவைதான் சில வாரங்களில் வறண்டுவிடுகின்றன. ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் பூட்டிவைக்கிற வீடு என்றால் அந்தத் தண்ணீருக்கு மேல் பாமசியில் விற்கிற லிக்விட் பரஃபின் இரண்டு கரண்டி விடுங்கள், எண்ணெய்ப் படலம் மேலே நின்று ஆவியாவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெயும் இதைச் செய்யும், ஆனால் அது சிக்கடித்துத் தானே நாறத் தொடங்கிவிடும்.

எந்தத் துவாரம் என்று தெரியவில்லையா? சொப்பிங் பேக்கில் அரைவாசி தண்ணீர் நிரப்பி இறுக்கிக் கட்டி ஒவ்வொரு துவாரத்தின் மேலும் வைத்துவிடுங்கள், பை தரையோடு படிந்து நன்றாக அடைத்துக்கொள்ளும். காலையில் நாற்றம் இல்லை என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் மூக்கைத் துளைக்கிறதோ அதுதான் வழி. ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறவர்கள் உண்டு. அதைச் செய்ய வேண்டாம் என்பேன், குழியிலிருந்து வருகிற காற்றில் மெதேன் இருக்கும், அது எரிகிற வாயு.

தண்ணீர் ஊற்றி வைத்தும் வளைவு காலியாகிறது என்றால் பைப்பில் காற்று ஓட்டம் சரியில்லை. மாடியில் ஒரு வாளி தண்ணீரை ஒரேயடியாக ஊற்றும்போது கீழ்வீட்டுத் துவாரத்தில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். விழுகிற தண்ணீர் பைப்பை அடைத்துக்கொண்டு இறங்கும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கிறது. கூரைக்கு மேல் போகிற வென்ட் பைப் வழியாக அந்தக் காற்று கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கிற வளைவைத் துளைத்துக்கொண்டு வரும், வரும்போது அங்கே நின்ற தண்ணீரையும் கொண்டுபோய்விடும். நம்மூரில் வென்ட் பைப்பைப் பெரும்பாலும் அக்கறையில்லாமல்தான் வைக்கிறார்கள், ஒரு துண்டு பைப் மிச்சம் பிடிக்க ஓட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுவதும், பிறகு மேல்மாடி கட்டும்போது அந்த வாய் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வந்துவிடுவதும் சாதாரணம். நுளம்பு குழிக்குள் முட்டையிடாமல் இருக்க வாயில் வலை கட்டத்தான் வேண்டும், ஆனால் அந்த வலையில் தூசியும் சிலந்திக்கூடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஏறிப் பார்க்க வேண்டும்.

சரி, அந்தக் காற்று ஏன் இவ்வளவு நாறுகிறது?

பற்றீரியாக்களுக்குக் கழிவைத் தின்னவும் வேண்டும், தின்றதை எரிக்க ஒட்சிசன் மாதிரி ஒன்றும் வேண்டும். ஒட்சிசன் நிறையக் கிடைக்கிற இடத்தில் கழிவிலிருந்து பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் தண்ணீரும்தான் வரும், இரண்டுக்கும் நாற்றம் கிடையாது. மூடிய தாங்கிக்குள் ஒட்சிசன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதன்பிறகு நைத்திரேற்று இருந்தால் அதைப் பயன்படுத்துகின்றன, அதுவும் முடிந்தால் சல்பேற்று. சல்பேற்றைப் பயன்படுத்துகிற பற்றீரியா வெளியே விடுவதுதான் ஐதரசன் சல்பைட்டு, கூழ்முட்டை நாற்றம். கடல் தண்ணீர் ஒரு லீற்றரில் 2.7 கிராம் அளவுக்குச் சல்பேற்று இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்மேட்டில் வீடு கட்டி, உவர்த்துப்போன கிணற்றுத் தண்ணீரை மலசலகூடத்துக்கு ஊற்றுகிற நம் கரையோர ஊர்களில், இந்த நாற்றத்துக்கு வேண்டிய மூலப்பொருளை நாமே வாளியில் அள்ளி ஊற்றுகிறோம். வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்கு நடுவே இறங்கினால் கால் புதைகிற கருஞ்சேற்றிலிருந்து கிளம்புவதும் இதே வாயுதான். சேறு கறுப்பாக இருப்பதற்குக் காரணமும் சல்பைட்டுதான், அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறத்தைக் கொடுக்கிறது. பாத்ரூமில் கழற்றி வைக்கிற வெள்ளிக் கொலுசு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுத்தால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாயு விளையாட்டுக் காரியம் இல்லை. மிகக் கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு உடனே பிடித்துவிடும், ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவு வந்துவிட்டால் மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கு மேலே கூடினால் ஆள் மயங்கி விழுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். குழிக்குள் இறங்கி விழுந்தவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் செத்துப்போகிற செய்திகள் இப்படித்தான் வருகின்றன. எவ்வளவு அவசரம் என்றாலும் யாரையும் இறங்க விடாதீர்கள். பழைய குழி மூடியின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடவும் விடாதீர்கள், மூடியின் அடிப்பக்க ஈரத்தில் வாழ்கிற இன்னொரு வகைப் பற்றீரியா இதே வாயுவைச் சல்பூரிக் அமிலமாக மாற்றுகிறது, அமிலம் கொங்கிறீற்றைத் தின்னும். மேலே பார்க்க உறுதியாகத் தெரிகிற மூடி கீழே உதிர்ந்து கம்பி தெரிய நிற்கும்.

மாரியில் கதை வேறு. நொவம்பரிலிருந்து ஜனவரிவரை நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நொவம்பர் வெள்ளத்திலும் வளவுக்குள்ளேயே தண்ணீர் நின்றது நினைவிருக்கும். குழித் தண்ணீர் ஊறிப்போக இடமில்லாமல் பைப்புக்குள் திரும்பி ஏறும், உள்ளே அமுங்குகிற காற்று வளைவுத் தண்ணீரைக் கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் பவுசர் பிடித்து இறைப்பது வீண், சுற்றியிருக்கிற நிலத்தடி நீரே குழியை மறுபடி நிரப்பிவிடும். இறைக்க வேண்டியது கோடையில், அடியில் படிந்த சேறு கெட்டியாவதற்கு முன்.

குசினி நாற்றத்துக்குப் பெரும்பாலும் குழி காரணமில்லை. மீன் கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, தேங்காய்ப்பால் கொழுப்பு எல்லாம் சேர்ந்து சிங்க் பைப்பின் உட்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும், நாறுவது அதுதான். தூரிகையும் கொதிக்காத சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போதும். மீன் வாடைக்குத் தேசிக்காய் பிழிவது நல்ல வேலை, அந்த வாடையைத் தருகிற டிரைமெதைலமீன் புளிப்போடு சேர்ந்து உப்பாகி ஆவியாகாமல் நின்றுவிடும். ஆனால் குளோரினை ஊற்றிய கையோடு கொமட் கழுவுகிற அசிட்டையும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நெஞ்சைப் பிடிக்கும்.

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலத்தில் படுக்கையும் மலசலகூடமும் வைத்த வான்கள் வந்து நிற்கின்றன. நம் பையன்களும் டொல்பின் வானை அப்படி மாற்றுவது பற்றிக் கேட்கிறார்கள். வீட்டில் நடக்கிற அதே சங்கதிதான் வானிலும், இன்னும் வேகமாக நடக்கும். தாங்கி சின்னது, வெயிலில் நிற்கிற வண்டி கொதிக்கிறது, சூடு கூடக்கூடப் பற்றீரியாவும் வேகமெடுக்கும். பொத்துவில் பாதையில் குலுங்கும்போது பேசின் வளைவில் நின்ற தண்ணீர் சிந்திப்போய்விடும், வண்டியை நிறுத்தியதும் ஒரு கோப்பை ஊற்ற வேண்டும். ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு கூரை விசிறியைப் போட்டால் விசிறி வெளியேற்றுகிற காற்றுக்கு ஈடாகத் தாங்கிக் காற்றுத்தான் கொமட் வழியாக உள்ளே வரும், ஆகவே முதலில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிறகு விசிறி.

கழுவுநீர்த் தாங்கியும் மலத் தாங்கியும் தனித்தனியாக இருந்தால், மலத் தாங்கியின் வெளிவாசல் வால்வைக் கொட்டுகிற நேரம் தவிர எப்போதும் பூட்டியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மிச்சம் குவிந்து காய்ந்து இறுகிவிடும், பிறகு எதை ஊற்றியும் அசையாது. தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பவர்களின் வண்டிதான் அதிகம் நாறுகிறது. ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் தாங்கியின் அடி மூடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். கல்சியம் நைத்திரேற்று சேர்ந்த மருந்து கிடைத்தால் வாங்கலாம், பற்றீரியா சல்பேற்றை விட்டுவிட்டு நைத்திரேற்றுக்குத் திரும்பும், வருவது நாற்றமில்லாத நைதரசன். போர்மல்டிகைட்டு கலந்த மருந்து பற்றீரியாவையே கொல்லுகிறது, நாற்றம் நிற்கும்தான், ஆனால் அந்தத் தாங்கியை யாருடைய வீட்டுக் குழியில் கொட்டுகிறீர்களோ அங்கே இருக்கிற பற்றீரியாவும் சாகும், கழிவு கரையாமல் குழி சீக்கிரம் நிரம்பும். வளவில் வான் நிறுத்த இடம் கேட்டு வருகிறவர்களிடம் என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டே குழி மூடியைத் திறந்துகொடுங்கள்.