சாம்பிள் பாக்கெட் கப்பல் ஏறும் முன்னால்

பொருளின் பெயர் மீதான உரிமை, அதாவது டிரேட்மார்க், வெளிநாட்டில் பறிபோய் என்னிடம் வருபவர்களில் இந்த வருடத்தில் இது மூன்றாவது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, தம்பு செட்டித் தெருவில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மீன் குழம்பு மசாலா அரைத்து விற்பவர். ஆறு பெண்கள் வேலை பார்க்கும் சின்ன யூனிட். 2021 முதல் மலேசியாவில், கிள்ளானில் உள்ள ஒரு டிஸ்டிரிப்யூட்டருக்குச் சரக்கு அனுப்பி வந்தார். பணத்தை இழுத்தடிக்கிறார் என்று போன வருடம் ஆளை மாற்றினார். புது ஆளுக்குப் போன முதல் சரக்கு கடைகளில் இறங்கியதுமே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. மசாலாவின் பெயரைப் பழைய ஆள் தன் பெயரில் அங்கே எப்போதோ பதிந்து வைத்திருக்கிறார்.

அம்மா லேமினேட் செய்த டிரேட்மார்க் சான்றிதழை மேஜையில் வைத்தார். "தம்பி, இது கவர்மெண்டே குடுத்ததுதானே? நான்தானே முதல்ல பதிஞ்சேன்?"

அசல் சான்றிதழ்தான் அம்மா. ஆனால் இந்தியாவுக்கு மட்டும்.

எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! மண்ணடி, எம்.சி. ரோடு, ராயபுரம் என்று எங்கிருந்து வந்தாலும் இதே அதிர்ச்சி. டிரேட்மார்க் உரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம் நம் நாட்டுச் சட்டம். கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்தில் வாங்கிய பதிவு காஷ்மீர் வரை செல்லும், கொழும்பில் செல்லாது. பதிவானது என்று காட்ட பாக்கெட்டில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டாலும் செல்லாது. பத்து வருடமாக விற்றாலும், இந்தியப் பதிவை வைத்து மலேசியாவில் ஒருவரைத் தடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணான ஐ.இ.சி., கம்பெனிப் பதிவு, வெப்சைட் பெயர் இவையெல்லாம் வேறு வேறு. எதுவும் டிரேட்மார்க் ஆகாது, இங்கேயே ஆகாது.

இதைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வரும். "அப்போ இன்டர்நேஷனல் டிரேட்மார்க் எடுத்துடலாமா?"

அப்படி ஒரு பொருளே இல்லை. உலகம் முழுக்கச் செல்லும் பதிவு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இருப்பது மாட்ரிட் முறை. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்துகிறது. இந்தியா இதில் சேர்ந்தது 2013 ஜூலை 8-இல். இங்கே உங்களுக்கு ஒரு விண்ணப்பமோ பதிவோ இருந்தால், அதை அடிப்படையாக வைத்து, நம் டிரேட்மார்க் அலுவலகம் வழியாக ஒரே மனுவில் பல நாடுகளைக் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பரிசீலித்து ஏற்கும் அல்லது மறுக்கும். அதற்குப் பொதுவாக ஒரு வருடம், பல நாடுகளுக்கு ஒன்றரை வருடம் அவகாசம். நீங்கள் குறிப்பிடாத நாட்டில் எதுவும் கிடைக்காது. மலேசியா 2019 டிசம்பரிலும் அமீரகம் 2021 டிசம்பரிலும் இந்த முறையில் சேர்ந்தன. சேராத நாடு என்றால் அங்கே நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த அம்மா முதல் பெட்டியை அனுப்பியபோதே மலேசியாவுக்கு இந்த வழி திறந்திருந்தது. இப்போது போனால் பழைய ஆளின் பதிவைக் காட்டியே மறுப்பார்கள்.

செலவு என்று தயங்குவீர்கள், புரிகிறது. இந்தியாவில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். மாட்ரிட்டுக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், சின்னம் கலரில் இருந்தால் 903. நம் அலுவலகம் மனுவை அனுப்பி வைக்க 5,000 ரூபாய். நாட்டுக் கட்டணங்கள் தனி. கலர் அவசியமா என்று முதலிலேயே கேளுங்கள், பலருக்கு அவசியமில்லை. தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தர வேண்டும். பெயரை எப்படி எழுதுவது என்று அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்ரிட் வழியாக வாங்கும் சர்வதேசப் பதிவு முதல் ஐந்து வருடம் அதற்கு அடிப்படையான இந்திய விண்ணப்பத்தை அல்லது பதிவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே யாராவது எதிர்த்து அது விழுந்தால் அங்கேயும் எல்லா நாட்டிலும் விழும். மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்ற வழி உண்டு, செலவும் உண்டு. அதனால் 'சுவையான மீன் மசாலா' மாதிரி பொருளையே விவரிக்கும் பெயரோடு தயவுசெய்து வராதீர்கள். இந்தியாவில் கணவர் பெயரிலும் மாட்ரிட்டில் கம்பெனி பெயரிலும் போடாதீர்கள். உரிமையாளர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

இந்தியாவில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், அறிவுசார் சொத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தியத் தேதியையே அங்கேயும் கோரலாம். நடுவில் வேறொருவர் பதிய வந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். இந்த ஆறு மாதத்தைத் தூங்கிக் கழிக்காதவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

டிஸ்டிரிப்யூட்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பெயர் யாருடையது, அவர் எங்கும் தன் பெயரில் பதியக் கூடாது என்பது அதில் இருக்கட்டும். "நம்ம ஊர்க்காரர், சொந்தக்காரர் மாதிரி" என்பதெல்லாம் சரி, அதையும் எழுதியே வையுங்கள். விண்ணப்பித்த பிறகு, பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம் கட்டு என்று முத்திரை போட்ட போலிக் கடிதங்கள் உங்களுக்கு நேராக வரும். அசலைப் போலவே இருக்கும். கட்டும் முன் உங்கள் டிரேட்மார்க் ஏஜெண்டிடம் காட்டுங்கள்.

அம்மாவின் வழக்குக்கு வழி இல்லாமல் இல்லை. உரிமையாளரின் அனுமதியின்றி அவருடைய வியாபார ஏஜெண்ட் தன் பெயரில் பதிந்தால், அதை ரத்து செய்யக் கோர பாரிஸ் உடன்படிக்கையில் தனி விதியே உண்டு. ஆனால் அந்த ஆள் தன் ஏஜெண்டாக இருந்தார் என்று காட்ட வேண்டும், அங்கே வக்கீல் வைக்க வேண்டும், லட்சக்கணக்கில் போகும். போன வாரம் மருமகளோடு ஒரு அரிசிப் பை நிறையப் பழைய இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், வாட்ஸப் பிரிண்ட் எல்லாம் கொண்டுவந்தார். 2021-இல் அனுப்பிய முதல் பெட்டியின் பில் அதில் இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது துபாயிலிருந்து ஒருவர் சாம்பிள் கேட்பதாகச் சொன்னார். அமீரகத்துக்கான மனுவில் கையெழுத்து வாங்கினேன். விண்ணப்ப நம்பர் வந்த பிறகு பெட்டியைக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.