பழைய வரைபடத்தின் ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென் டிரைவோடு எங்கள் பிரிண்டிங் கடைக்கு வந்தார். சொந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சு வரைபட அறிஞர் தான்வில் 1753-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை வரைபடத்தின் ஸ்கேனை ஓர் இணையக் கடையில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். அதை மூன்றடி அகலத்தில் அச்சிட்டு, பிரேம் போட்டு, கூடத்தில் மாட்ட வேண்டும். '600 டிபிஐ, ஹை ரெசல்யூஷன்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

கணினியில் திறந்து நூறு சதவீதத்துக்கு ஜூம் செய்தேன். கடற்கரைக் கோடும் ஆறுகளும் பளிச்சென்று இருந்தன. ஊர்ப் பெயர்கள் பக்கம் போனதும் எனக்குப் பகீரென்றது. கோடுகள் கூர்மையாக இருக்கின்றன, வளைவுகள் அழகாக இருக்கின்றன, தள்ளி நின்று பார்த்தால் எழுத்து மாதிரியே தெரிகிறது. கிட்டப் போனால் எந்த மொழி எழுத்தும் இல்லை. யாரோ சின்னப் படம் ஒன்றை ஏஐ மென்பொருளில் போட்டு ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம ஊர் எங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்ட ஃபைல்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. மங்கலான படம் என்றால் வாங்கியவருக்கே தெரிந்துவிடும். இது ஏமாற்றிவிடும். மென்பொருள் தன்னிடம் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. வரைபடத்துக்கு உயிரே பெயர்களும் எண்களும்தான். கடல் ஆழம் 3 என்று இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்தால், அது அந்த வரைபடமே இல்லை.

சரி, டிபிஐ என்றால் என்ன? ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது. எத்தனை அங்குலம் என்று சொல்லாமல் வெறும் '600 டிபிஐ' என்பதற்குப் பொருளே கிடையாது. 72 என்று இருக்கும் ஃபைலை எந்த மென்பொருளிலும் 600 என்று மாற்றி எழுத அரை நிமிடம் போதும், படத்தில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. நீங்கள் கேட்க வேண்டியது பிக்சல் கணக்கு, அதாவது படத்தின் அகலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி என்பது. மூன்றடி என்பது 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 வீதம் 10,800 பிக்சல் அகலம் வேண்டும். பழைய செப்புத்தகட்டு அச்சில் எழுத்துகள் ரொம்பப் பொடி, அதனால் 200-க்குக் கீழே போக, அதாவது 7,200 பிக்சலுக்குக் குறைய, நான் ஒத்துக்கொள்வதில்லை. சார் கொண்டுவந்த ஃபைலின் அகலம் 12,000. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் பிக்சல் எண்ணோடு நிற்காமல், பொடி எழுத்து நிறைந்த ஒரு மூலையை நூறு சதவீத அளவில் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மூலப்படி எந்த நூலகத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் வந்தால், பணம் கட்டும் முன் அந்த நூலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். தான்வில் சேர்த்து வைத்த ஏறத்தாழ 10,000 வரைபடங்கள் இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தின் காலிகா தளத்தில் சொந்த உபயோகத்துக்கு இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு என்றால் கட்டணம். 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்ற 1507-ஆம் ஆண்டு உலக வரைபடத்தின் எஞ்சிய ஒரே படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதன் ஸ்கேன் அவர்கள் தளத்தில் இலவசம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள டேவிட் ரம்சி சேகரிப்பையும் பாருங்கள். டவுன்லோடு செய்யும்போது பிடிஎஃப் வேண்டாம், அதில் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். இருப்பதிலேயே பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள்.

காப்புரிமை எங்களுடையது என்று சில கடைகள் மிரட்டல் மாதிரி எழுதி வைத்திருக்கின்றன. இந்தியச் சட்டப்படி வரைந்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும்தான் காப்புரிமை. தான்வில் இறந்தது 1782-இல். பழைய படைப்பை உள்ளது உள்ளபடி படமெடுப்பதால் புதுக் காப்புரிமை பிறக்காது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1999-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பணம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் ஸ்கேன் ஆகாத வரைபடத்தை ஓர் ஆவணக் காப்பகம் உங்களுக்காக எடுத்து ஸ்கேன் செய்து கொடுத்தால், அந்த உழைப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பல தாள்களாகக் கிடக்கும் வரைபடத்தை மடிப்புக் கோடு பிசகாமல் ஒட்டித் தருவதும் பெரிய வேலைதான், எனக்கே அதில் நாள்கணக்கில் போயிருக்கிறது.

அன்று சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து காலிகாவில் தேடினேன். அதே வரைபடம் கிடைத்தது. தாளின் பழுப்பு, நடுமடிப்பு, ஓரத்தில் செப்புத்தகடு அழுந்திய தடம் எல்லாம் இருந்தன. அளவு சற்றுக் குறைவு, அதனால் மூன்றடிக்குப் பதில் இரண்டரை அடி போதும் என்று பேசி முடித்தோம். பிரிண்ட் மெஷினிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸை வாங்கிக்கொண்டு குனிந்தார். காரைக்காலைக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்தபடி வீட்டுக்குப் போன் போட்டார்.